சீரழிவை அளக்கும் கோல்: கொங்கு நாட்டுக் கிறித்தவச் சிந்தனையில் ஒழுக்கமும் பண்பாடும்

சமூகத்தில் ஒழுக்கம் குன்றிவிட்டது, பண்பாடு சீரழிந்துவிட்டது என்ற முறையீடு எல்லாச் சமயங்களின் மேடைகளிலும் ஒலிப்பதுதான் என்றாலும், கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் ஆகிய மாவட்டங்கள் அடங்கிய கொங்கு நாட்டின் கிறித்தவ ஆலயங்களில் அதற்கென்றே ஒரு சொல்வழக்கு நிலைபெற்றிருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அது தவக்காலத் தியானங்களின் மனமாற்ற அழைப்பாகவும், தென்னிந்தியத் திருச்சபையில் லெந்து நாள் கூட்டங்களின் மனந்திரும்புதல் செய்தியாகவும், பெந்தெகொஸ்தே சபைகளின் உபவாச ஜெபங்களில் ‘கடைசிக் காலம்’, ‘பின்மாற்றம்’, ‘எழுப்புதல்’ என்ற பேச்சாகவும் வெளிப்படுகிறது. இவற்றுள் பின்மாற்றம் என்பது விசுவாசி ஒருவர் தாம் விட்டுவந்த வாழ்க்கைக்கே திரும்பிவிடுவதையும், எழுப்புதல் என்பது சோர்ந்துபோன சபை முழுவதும் மீண்டும் உயிர்பெறுவதையும் குறிக்கும். இந்த உரைகளில் கண்டிக்கப்படுபவை பெரும்பாலும் கைபேசி, திரைப்படம், இளம்பெண்களின் உடை, மது, மணமுறிவு ஆகியவை. கிறித்தவக் கோட்பாடு தானே வகுத்துத் தந்த அளவுகோலால் அளந்தால் சீரழிவு என்று முதலில் சொல்லத்தக்கவை இவைதாமா என்ற கேள்விக்கு, இம்மண்ணில் கிறித்தவம் வாழ்ந்த நானூறு ஆண்டு வரலாறே விடை தருகிறது.

சீரழிவைப் பற்றிய கிறித்தவச் சிந்தனைக்கு அடித்தளமிட்ட நூல், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீன் 413ஆம் ஆண்டளவில் தொடங்கி 426 வாக்கில் முடித்த ‘இறைவனின் நகரம்’ ஆகும். 410ஆம் ஆண்டில் கோத்தியர் ரோம் நகரைச் சூறையாடியபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதே அழிவுக்குக் காரணம் என்றும், முன்னோர் காலத்து ரோமே ஒழுக்கத்தின் உறைவிடம் என்றும் பலர் கூறினர். அதற்கு விடையாக அமைந்த 22 புத்தகங்கள் கொண்ட அந்நூலில், ரோமின் பொற்காலம் என்று கொண்டாடப்பட்ட காலமும் இரத்தமும் பேராசையும் நிறைந்ததே என்பதை அகுஸ்தீன் வரலாற்றுச் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார். தன்னையே நேசிக்கும் நகரமும் இறைவனை நேசிக்கும் நகரமும் உலக முடிவுவரை ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும் என்பதும், எந்த அரசையும் எந்தச் சமூகத்தையும் இறைவனின் நகரம் என்று முத்திரையிட்டுவிட முடியாது என்பதும் அவருடைய முடிவு. இதன் பின்னணியில் நிற்பது ஆதிப்பாவக் கோட்பாடு, அதாவது முதல் மனிதரின் வீழ்ச்சி மனித இனம் முழுவதையும் தொற்றியிருப்பதால் எந்தத் தலைமுறையும் அதற்கு விலக்காகாது என்னும் போதனை.

இக்கோட்பாட்டை உண்மையாகவே ஏற்பவர்கள் கடந்த காலத்தை ஏங்கி நோக்க இடமில்லை. கொங்குப் பகுதியில் சீரழிவைப் பற்றிய பேச்சு, சமயம் எதுவானாலும், கூட்டுக்குடும்பமும் ஊர்க்கட்டுப்பாடும் பெரியோருக்கு அடங்கிய பிள்ளைகளும் இருந்த ஒரு காலத்தை முன்னிறுத்தியே நடப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில்தான் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு மட்டும் தனிக் குவளை வைக்கப்பட்டிருந்தது. வீதிகளில் செருப்பணிந்து நடக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. குடும்பக் கட்டுக்கோப்புக்குப் பெயர்பெற்ற இதே நிலத்தின் பகுதியான சேலம் மாவட்டத்தில், 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததும் அந்த மாவட்டத்தில்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995ஆம் ஆண்டின் சுற்றுமடலில், அதாவது திருச்சபை முழுமைக்கும் எழுதிய போதனை மடலில், வலுவற்ற உயிர்களைச் சுமையாகக் கருதும் மனப்போக்கைச் சாவுக் கலாச்சாரம் என்று பெயரிட்டுக் கண்டித்தார். மேலைநாட்டு நவீனத்தைக் குறித்தே பெரிதும் படிக்கப்படும் அம்மடல், வரதட்சணைக் கணக்குக்கு அஞ்சிப் பெண் சிசுவைக் கொன்ற மரபார்ந்த குடும்பங்களுக்கும் அதே கடுமையோடு பொருந்தும்.

கொங்கு நாட்டுக்குக் கிறித்தவம் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. மதுரையில் பணியாற்றிய யேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1623இல் வடக்கு நோக்கிப் பயணம் செய்து சேந்தமங்கலம் வழியாகச் சேலத்தை அடைந்தார்; அந்நூற்றாண்டிலேயே சத்தியமங்கலத்திலும் கருமத்தம்பட்டியிலும் மறைத்தளங்கள் உருவாயின. உள்ளூர் மக்களின் உடை, உணவு, மொழி ஆகியவற்றை ஏற்றுக்கொண்டே நற்செய்தியை அறிவிக்க முடியும் என்ற நொபிலியின் நிலைப்பாடு, பண்பாட்டைப் பாவத்தோடு குழப்பக்கூடாது என்ற அருமையான தெளிவைக் கொண்டிருந்தது. ஆனால் பண்பாடு என்ற பெயரில் சாதியும் கூடவே ஆலயத்துக்குள் நுழைந்தது. இவ்வழக்கங்கள் குறித்து ஐரோப்பாவில் நிகழ்ந்த நீண்ட வழக்காடல் ‘மலபார் சடங்குகள்’ விவாதம் என அறியப்படுகிறது. அதை முடித்துவைக்கும் முறையில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744இல் பிறப்பித்த ஆணை பல வழக்கங்களைத் தடை செய்தபோதிலும், தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கலாம் என்ற யேசு சபையினரின் ஏற்பாட்டுக்கு இசைவளித்தது. தீட்டு என்னும் எண்ணத்தை அகற்றவேண்டிய இடத்தில் அதற்கு ஏற்றவாறு குருத்துவத்தையே பிரித்துக்கொண்ட இந்த முடிவைவிடப் பெரிய ஒழுக்கத் தோல்வி இம்மறைத்தளத்தின் வரலாற்றில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தத் தோல்வியின் சுமையைத் தன் மனச்சான்றில் தாங்கியவர், கோயம்புத்தூரின் முதல் திருத்தூதுப் பதிலாளாகப் பொறுப்பேற்ற மெல்க்கியோர் தெ மரியோன் பிரெசியாக். மறைமாவட்டம் முறையாக நிறுவப்படும் முன்னர் திருத்தந்தையின் பெயரால் ஒரு பகுதியை ஆளும் ஆயரையே திருத்தூதுப் பதிலாள் என்பர். பிரான்சில் 1813இல் பிறந்து 1842இல் புதுச்சேரிக்கு வந்த அவர், 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்நாட்டு மக்களிலிருந்தே குருக்களும் ஆயர்களும் எழவேண்டும் என்ற உறுதி அவருக்கு இருந்தது. சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொள்வதில் மறைப்பணியாளரிடையே நிலவிய முரண்களோடும், 1744ஆம் ஆண்டு ஆணைக்குக் கீழ்ப்படிவதாகத் தாம் எடுத்த உறுதிமொழியோடும் தம் மனச்சான்றை இசைவிக்க முடியாமல், 1850களின் நடுவில் அவர் அப்பதவியைத் துறந்தார். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிக்கான சபையை நிறுவி, 1859இல் சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரை அடைந்த சில வாரங்களிலேயே காய்ச்சலால் இறந்த அவரைத் திருச்சபை 2020இல் ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்தது. பிறரின் ஒழுக்கத்தை அளப்பதற்கு முன் தம் பதவியையே கேள்விக்கு உட்படுத்திய அந்த ஆயரின் பெயர், இன்று கோவை கத்தோலிக்கரிடையேகூட அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

சீர்திருத்தச் சபைகளின் வழி வேறாக இருந்தது. இலண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்திலும் 1830இல் கோயம்புத்தூரிலும் பணியைத் தொடங்கிய அதே காலத்தில், கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் விடுத்த சுற்றறிக்கை சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டது. 1847இல் மதுரையின் அமெரிக்க மிஷன், தன் ஊழியர்கள் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை ஒரு சோதனையாகவே வைத்தது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கிறித்தவத்துக்கு முற்றிலும் பகையானது என்று தீர்மானித்தது. தீர்மானங்கள் இவ்வளவு தெளிவாக இருந்தும், சபைகளில் இருக்கை வரிசையும் கல்லறைத் தோட்டமும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அவற்றுக்கு முழுமையாகப் பணியவில்லை. மேலும் சாதியைக் கண்டித்த அதே மிஷனரிகளில் பலர் தமிழ் இசையையும் நாட்டுச் சடங்குகளையும் சேர்த்தே இருளின் செயல் என்று ஒதுக்கியதால், எது பாவம், எது வெறும் பழக்கவேறுபாடு என்ற நொபிலியின் தெளிவும் இழக்கப்பட்டது.

அத்தெளிவை மீட்டெடுக்கும் முயற்சியும் கொங்கு நாட்டிலேயே நடந்தது என்பது பெருமைக்குரியது. ஈரோட்டில் பணியாற்றிய இலண்டன் மிஷன் ஊழியர் எச். ஏ. பாப்ளி, கருநாடக இசையை முறையாகக் கற்றுக் கதாகாலட்சேப வடிவில் நற்செய்தியைப் பாடியதோடு, 1921இல் இந்திய இசையைப் பற்றி ஒரு நூல் எழுதி, 1931இல் திருக்குறளின் தேர்ந்த பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டலம் 1950இல் அமைந்தபோது அதன் முதல் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறித்தவ வாழ்வைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இலேயே நூல் எழுதியவர். ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடிய அன்பின் மொழியிலேயே யோவான் நற்செய்தியை வாசிக்கலாம் என்று காட்டியவர். இவ்விருவரின் பணியிலிருந்து பெறத்தக்க முடிவு ஒன்று உண்டு. ஒரு மக்களின் பண்பாட்டை அறிந்து நேசிக்காதவருக்கு அதன் சீரழிவைப் பற்றிப் பேசும் தகுதியில்லை. குறளும் தேவாரமும் அறியாமல் தமிழ்ப் பண்பாடு கெட்டுவிட்டது என்று முழங்கும் போதகர், எது கெட்டது என்பதையே அறியாமல் பேசுகிறார்.

இன்றைய கொங்கு நாட்டில் கெட்டது எது என்று நற்செய்தியின் துணைகொண்டு பார்த்தால், சாதிப் பெருமிதத்தின் பெயரால் சிந்தப்பட்ட இரத்தமே முதலில் கண்ணில் படும். 2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்ட பட்டியல் சமூகப் பொறியியல் இளைஞர் ஒருவர், வேற்றுச் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த காரணத்துக்காகக் கொல்லப்பட்டு ரயில் பாதையில் போடப்பட்டார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்துகொண்ட தம்பதியர் பட்டப்பகலில் கடைவீதியில் வெட்டப்பட்டு, கணவர் உயிரிழந்தார். குடும்ப மானத்தைக் காப்பதாகச் சொல்லிச் செய்யப்படும் இக்கொலைகள் ஒழுக்கத்தின் பெயரால் நிகழ்பவை என்பதால், பிள்ளைகளின் காதலைப் பண்பாட்டுச் சீரழிவின் அடையாளமாகக் காட்டும் எந்தப் பிரசங்கமும், பிரசங்கியார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அக்கொலையாளிகளின் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. சபைகளின் சொந்த நிலையும் தூயதன்று. கிறித்தவ மணமக்கள் விளம்பரங்களில் இன்றும் சபைப் பிரிவோடு சாதிப் பெயரும் அச்சாகிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், தீண்டாமை திருச்சபைக்குள் இன்னும் நீடிப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

பாலியல் ஒழுக்கம் குறித்த பேச்சிலும் இதே குழப்பம் காணப்படுகிறது. 2019இல் பொள்ளாச்சியில் பெண்களை ஏமாற்றி வன்கொடுமை செய்து படம்பிடித்து மிரட்டிய கும்பலின் செயல் வெளிவந்தபோது, பெண்கள் கைபேசி வைத்திருப்பதும் ஆண்களோடு பழகுவதுமே காரணம் என்ற குரல்கள் பல திசைகளிலிருந்தும் எழுந்தன. கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13 அன்று ஒன்பது பேரையும் குற்றவாளிகள் எனக் கண்டு சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில், இச்சையோடு நோக்குவதே உள்ளத்தில் செய்த விபசாரம் என்று சொல்லும் இயேசு, அதற்கான தீர்வைப் பெண்ணின் உடையிலோ நடமாட்டத்திலோ தேடாமல் பார்க்கும் ஆணின் கண்ணிலேயே வைக்கிறார். ஆண் பிள்ளைகளை வளர்க்கும் முறையைப் பற்றி ஆலயங்களில் பேசப்படுவது மிகக் குறைவு. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வாலிபர் கூட்டத் தலைவர்களும் இக்குறையைத் தங்கள் குறையாகவே கொள்ளவேண்டும்.

ஆனால் கொங்கு நாட்டுக்கே உரிய பாவம் எது என்று கேட்டால், அதைக் கூலியில் தேட வேண்டும். பழைய ஞானோபதேசம், அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாகக் கற்பிக்கப்பட்ட மறைக்கல்வி, பழிக்குப் பழி கேட்டு வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று ஒரு தனி வகையைக் கூறுகிறது. கொலையோடு ஒரே வரிசையில் ஏழைகளை ஒடுக்குவதும் வேலையாளின் கூலியைப் பிடித்துவைப்பதும் அதில் இடம்பெறுகின்றன. கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற மோசேயின் சட்டமும், நிறுத்திவைக்கப்பட்ட கூலியே முதலாளிக்கு எதிராகக் கதறுகிறது என்ற யாக்கோபின் நிருபமும் இதன் வேர்கள். பருத்தி நூற்பாலைகளும் பின்னலாடைத் தொழிலும் செழித்த கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் 1990களுக்குப் பின் பரவிய சுமங்கலித் திட்டம் இச்சட்டத்துக்கு நேர் எதிரானது. பல மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெரும்பகுதி பட்டியல் சமூகங்களிலிருந்து, பதின்ம வயதுப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்டு ஆலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். சிறுதொகை மாதந்தோறும் கொடுக்கப்பட, மீதி கூலி மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தமாக, 30,000 முதல் 50,000 ரூபாய் வரை, தரப்படும் என்பது வாக்குறுதி. நோயுற்றோ மனமுடைந்தோ இடையில் வெளியேறியவர்கள் அத்தொகையை இழந்தனர். விடுதிக்கு வெளியே செல்லவும் பெற்றோரோடு பேசவும்கூடக் கட்டுப்பாடு இருந்தது. கேம்ப் கூலி என்று தொழில் வட்டாரத்தில் வழங்கப்படும் இம்முறையை அனைத்துலக மனித உரிமை அமைப்புகள் கொத்தடிமை முறையின் புதிய வடிவம் என்றே மதிப்பிட்டன.

மணமகளின் மங்கலத்தைப் பெயரில் தாங்கிய ஒரு திட்டம் அவளுடைய உழைப்பையும் உடல்நலத்தையும் உறிஞ்சியதில் பண்பாட்டுச் சீரழிவின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961இலேயே இயற்றப்பட்டும், அந்த வரதட்சணையைச் சேர்ப்பதற்காகவே ஒரு பெண் தன் இளமையைப் பஞ்சுத் தூசிக்குள் கழிக்க வேண்டியிருந்தது. தனி முதலாளி ஒருவரின் கொடுமையாக மட்டும் இதைக் காண்பது போதாது. இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டின் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகள் என்ற கருத்தை விரித்துரைத்தார். தனிமனிதரின் பேராசை சட்டமாகவும் சந்தையாகவும் வழக்கமாகவும் இறுகிவிடும்போது, நல்லவர்களும் அதற்குள் அகப்பட்டுத் தீமைக்குத் துணைபோகிறார்கள் என்பது அதன் பொருள். மலிவான சட்டையைக் கேட்கும் ஐரோப்பிய வாடிக்கையாளர், விலையைக் குறைக்கும் கொள்முதல் நிறுவனம், ஆலை உரிமையாளர், ஆள்பிடித்துத் தரும் தரகர், வேறு வழியற்ற பெற்றோர் என அனைவரும் அதில் கண்ணிகள். நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததும் இத்தகையதே: பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. படைப்பைக் கெடுப்பது பாவம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதியபோது, நொய்யல் கரையின் உழவர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

மதுவைப் பற்றிய பேச்சுக்கும் பாவக் கட்டமைப்பு என்ற கருத்து தேவைப்படுகிறது. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தை நிறுவிய இராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். இன்றோ 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்தும் தமிழக அரசு, 2023–24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அதிலிருந்து வருவாய் ஈட்டியது. குடிப்பவரை மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்லவைக்கும் சபைகள், குடியால் நடக்கும் கருவூலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளின் பரிசுத்த வாழ்க்கைப் போதனையை, அதாவது உலக இன்பங்களிலிருந்து முற்றிலும் விலகி வாழும் ஒழுங்கை, நகரத்துப் படிப்பாளிகள் எளிதில் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடுகின்றனர், அது நியாயமன்று. இலங்கையில் 1920களில் தோன்றித் தமிழகமெங்கும் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே சபையைப் போன்றவை நகையணிவதை விலக்கியபோது, சவரன் கணக்கில் பெண்ணை எடைபோடும் ஒரு நிலத்தில் அது வலிமையான மறுப்பாகவே அமைந்தது. குடியை விட்ட கூலித் தொழிலாளியின் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதும் கண்கூடு. எனினும் நகை கழற்றப்பட்ட பின்னும் வரதட்சணை ரொக்கமாகவும் மனையாகவும் தொடர்வதும், செல்வமே கடவுளின் ஆசீர்வாதத்துக்குச் சான்று என்று கற்பிக்கும் செழிப்பு உபதேசம் சில மேடைகளைப் பிடித்துக்கொண்டதும், அந்த மறுப்பின் உயிரையே போக்கிவிட்டன. ஏழையின் வறுமையை அவனுடைய விசுவாசக் குறையாகக் காட்டும் போதனை, எந்தத் திரைப்படத்தையும்விட ஆழமாக மனச்சான்றைக் கெடுக்கிறது.

நியாயத்தீர்ப்பு கடவுளின் வீட்டிலேயே தொடங்கும் என்பது பேதுருவின் முதல் நிருபம் கூறும் எச்சரிக்கை. உலகெங்கும் குருக்களால் சிறார் துன்புறுத்தப்பட்ட வரலாறு வெளிவந்த பின்னர், அத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்கித் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்தியாவில் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறையிடம் தெரிவிப்பதை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது. பிறர் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பேசும் ஒவ்வொரு சபையும் இவ்விரு சட்டங்களையும் தன் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

கொங்கு நாட்டின் பங்குப் பேரவைகளும் சபைக் குழுக்களும் வரும் தவக்காலத்தில் செய்யத்தக்கவை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. கல்லறைத் தோட்டத்தில் சாதிப் பிரிவு இருக்குமானால் அதை அகற்றுவதும், சாதி மறுத்து மணக்க முன்வரும் இளைஞருக்குத் தயங்காமல் திருமண அறிவிப்பான ஓலையை வாசித்து ஆலயத்தில் பாதுகாப்பளிப்பதும், ஆலயத்தின் முன்வரிசையில் அமரும் ஆலை உரிமையாளரிடம் விடுதிப் பெண்களின் கூலி மாதந்தோறும் முழுமையாகக் கொடுக்கப்படுகிறதா என்று ஆயரோ போதகரோ நேரில் கேட்பதும் அவற்றுள் முதன்மையானவை. இளைஞரின் கைபேசியைப் பற்றிய பிரசங்கத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.